மூன்றேகால் மணிக்குப் பூஜ்யம்

மூன்றேகால் மணிக்குக் கடிகாரத்தின் இரண்டு முட்களுக்கும் நடுவில் எத்தனை பாகை என்று தெரியாதவன் மோட்டாரைத் தொடக் கூடாது என்று தென்புறநகர் மழைநீர் வாரியம் தீர்மானம் போட்டபோது, ஏசுபாதம் அந்த மோட்டாரைப் பன்னிரண்டு வருஷமாகத் தொட்டுக்கொண்டிருந்தான். அனகாபுத்தூரில் அடையாற்றை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மோட்டார், வெளியே கால்வாயின் வாயில் ஒரு இரும்பு ஷட்டர். தெருவில் பெய்கிற தண்ணீர் அந்தக் கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போகும். ஆறு ஏறினால் அதே கால்வாய் வழியாக ஆறு தெருவுக்கு வரும். அது வருவதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டு மோட்டாரைப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்தில் எந்த மழைக்கும் அவன் கோணம் பார்த்ததில்லை, ஆற்றைப் பார்த்தான்.

வேலை தற்காலிகம். தற்காலிகம் என்பது வாரியத்தில் மிகவும் நிரந்தரமான ஒரு ஏற்பாடு. ஏசுபாதத்துக்கு முன்னால் அந்தக் கொட்டகையில் இருந்தவர் இருபத்தாறு வருஷம் தற்காலிகமாக இருந்துவிட்டு நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தார். இந்த முறைதான் உத்தரவு வந்திருந்தது. நாற்பத்தைந்து வயதுக்குள் தகுதித் தேர்வு எழுதித் தேறினால் வேலை நிரந்தரம், தவறினால் வீட்டுக்குப் போகலாம். ஏசுபாதத்துக்கு நாற்பத்து நாலு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"இதான் கடைசி. இத்த உட்டியான கதை கந்தல்தான், பாத்துக்க," என்றாள் அவன் மனைவி சரசு. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவள். பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே குரலில்தான் புருஷனுக்கும் சொல்வாள்.

தேர்வு எழுதப் போகிறவர்களை எல்லாம் தாம்பரம் தலைமை அலுவலகத்துக்கு வரவழைத்தார்கள். தேர்வுப் பிரிவின் இணை இயக்குநர் ஹேமாவதி மேடம் விளக்க உரை ஆற்றினார்.

"மழைநீர் என்பது நேரம் சார்ந்தது. நேரம் என்பது கடிகாரம் சார்ந்தது. கடிகாரம் என்பது கோணம் சார்ந்தது. அப்படின்னா மழைநீர் எதைச் சார்ந்தது? நீங்களே சொல்லுங்க."

"கோணம்," என்று அவரே சொல்லிவிட்டுக் கைதட்டலுக்குக் கொஞ்சம் இடம் விட்டார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "மேடம், மோட்டார் ரிப்பேர் ஆனா இன்னா பண்றதுன்னு கேள்வி எதுனா வருமா?"

"அது சிலபஸ்ல இல்ல. வாரியத்தோட மோட்டார் ரிப்பேர் ஆகாது."

அன்றைய தேதியில் வாரியத்தின் ஐந்து மோட்டார்களில் மூன்று ரிப்பேரில் இருந்தன. அதைச் சொல்ல நினைத்தவர், தன் வயது நாற்பத்து மூன்று என்பதால், உட்கார்ந்துவிட்டார்.

நூறு கேள்வியில் அறுபது முள் கேள்வி என்று தெரிந்ததும் மேற்குத் தாம்பரத்தில் பரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் ஒரு பயிற்சி மையம் முளைத்தது. நடத்தியவர் பிரசன்னா மாஸ்டர். சுவரில் முள் இல்லாத பெரிய கடிகாரம் ஒன்றை வரைந்து வைத்திருந்தார். மணியை முப்பதால் பெருக்கு, நிமிஷத்தை ஐந்தரையால் பெருக்கு, பெரியதிலிருந்து சிறியதைக் கழி, அவ்வளவுதான் வாழ்க்கை என்பார். ஷட்டர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிக் காய்ப்பேறிய கைகள் ஐம்பது, பென்சில் பிடித்துக்கொண்டு ராத்திரி ஒன்பது வரை பெருக்கிக் கழித்தன.

ஏசுபாதத்துக்குச் சூத்திரம் மண்டையில் ஏறவில்லை. ஆனால் கொட்டகையில் ஒரு கடிகாரம் இருந்தது. வாரியம் கொடுத்ததில்லை. அவன் வீடு பூசிப் பால் காய்ச்சியபோது அடுத்த வீட்டு ஆபேல் கொடுத்தது. கண்ணாடிக்கு உள்ளே 'அன்பளிப்பு: ஆபேல் - ஜான்சி' என்று எழுதியிருக்கும். பன்னிரண்டு வருஷமாக அதைப் பார்த்தவன் ஆனதால் ஒரு விஷயம் அவனுக்குத் தெரியும். பெரிய முள் சும்மா ஓடாது, சின்ன முள்ளையும் கூடவே இழுத்துக்கொண்டுதான் ஓடும். மூன்று மணிக்கு மூன்றில் இருக்கிற சின்ன முள், மூன்றேகாலுக்கு நாலை நோக்கிக் கால் பங்கு நகர்ந்திருக்கும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் முப்பது பாகை. அதில் கால் பங்கு ஏழரை.

ஆபேல் தையல்காரன். சின்ன வயசில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. தெருவைப் பார்த்த கீழறையில் மெஷினைப் போட்டு உட்கார்ந்தான் என்றால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். அவன் மனைவி ஜான்சி தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் பட்டன் கட்டப் போவாள். ஏசுபாதம் வேலை முடிந்து தெருவில் நுழைவதைப் பார்த்தாலே ஆபேல் மெஷினை நிறுத்திவிடுவான்.

"மச்சான், நாலு இருபது."

"பத்து."

"ரெண்டு இருபது."

"அம்பது."

"பத்து பத்து."

ஏசுபாதம் செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசிப்பான். "நூத்திப் பதினஞ்சு."

"பாஸ்டா நீ. பர்மனென்ட் ஆனதும் முத ஆளா எனக்குத்தான் பிரியாணி," என்று ஆபேல் மறுபடி மெஷினை மிதிப்பான். நல்ல காலால் மட்டும் மிதிப்பான்.

தேர்வில் முப்பத்தேழாவது கேள்வி மூன்றேகால் மணி. ஏசுபாதம் ஏழரை என்று எழுதினான். தேற அறுபது வேண்டும். ஐம்பத்தொன்பது வந்தது.

சரியான விடைகள் கொண்ட தன் விடைத்தாளை வாரியம் இணையத்தில் போட்டிருந்தது. முப்பத்தேழாவது கேள்விக்கு நேராகப் பூஜ்யம் என்று இருந்தது. இரண்டு முட்களும் மூன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்குமாம், நடுவில் இடைவெளியே கிடையாதாம்.

இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. தலைமை அலுவலகத்தில் தேர்வுப் பிரிவின் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளையடிக்க வந்தவர்கள் கழற்றி மாட்டியபோது சின்ன முள் மூன்றில் நின்றுவிட்டது. பெரிய முள் மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவில் ஆறு வருஷமாக மூன்று மணியே நடக்கிறது. ஊழியர்கள் மூன்று மணி சொச்சத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மணி சொச்சத்துக்கு வீட்டுக்குப் போகிறார்கள். மூன்று மணி டீ நேரம் என்பதால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. வினாத்தாள் தயாரித்தவர் அண்ணாந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் விடையை எழுதினார்.

ஆட்சேபணை மனுவோடு ஏசுபாதம் போய் நின்றபோது கண்காணிப்பாளர் சிட்டிபாபு வாங்கிப் படித்தார். படித்துவிட்டு அனுதாபத்தோடு நிமிர்ந்தார்.

"ஏழரைன்னு எழுதியிருக்கியேப்பா. ஒரு அரசாங்கம் ஏழரையை எப்படி ஒத்துக்கும்? சனி பிடிச்ச நம்பர்."

"சார், அது கணக்கு சார்."

"கணக்கு வேற, விடை வேற. விடைங்கறது விடைத்தாள்ல இருக்கறது. உன்னோடது கருத்து." மனுவின் மேல் முத்திரை குத்தினார். "பரவால்ல, கருத்துக்கும் வாரியத்துல இடம் இருக்கு. வல்லுநர் குழு வச்சிடலாம்."

மூன்று பேர் கொண்ட வல்லுநர் குழு வந்தது. ஒருவர் தோட்டக்கலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் வாரியத் தலைவரின் சம்பந்தி. மூன்றாமவர் எதிலிருந்து ஓய்வு பெற்றார் என்பது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே ஞாபகம் இல்லை. காலை பதினொன்றேகாலுக்கு மூவரும் தேர்வுப் பிரிவின் கடிகாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கடிகாரம் மூன்றேகால் காட்டியது. இரண்டு முட்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. 'நேரில் பார்வையிட்டோம், பூஜ்யம் என்பது கண்கூடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மணி மூன்றேகால் ஆகிவிட்டதே, இன்னும் டீ வரவில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டார்.

ஏசுபாதத்துக்கு இது பொறுக்கவில்லை. அவன் சண்டைக்காரன் அல்ல. ஆனால் தன் கண்ணால் பன்னிரண்டு வருஷம் பார்த்த ஒன்றை இல்லை என்கிறார்களே என்று இருந்தது. மறுநாள் கொட்டகைக் கடிகாரத்தைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, பம்மலில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் கோணமானி ஒன்றும் வாங்கிக்கொண்டு, தாம்பரத்துக்கு பஸ் ஏறினான்.

ஹேமாவதி மேடத்தின் மேஜை மேல் கடிகாரத்தைக் கிடத்தினான். மூன்றேகால் ஆகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். ஆனதும் கோணமானியை வைத்தான். ஏழரை.

மேடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கடிகாரம் யாருது?"

"என்துதான் மேடம். கொட்டாயில மாட்டிக்கீறேன்."

"பேட்டரி?"

"நான்தான் வாங்கிப் போட்டேன்."

"அப்போ இது சொல்றது தனிநபர் நேரம். வாரியத்தோட நேரம் இல்ல." அவர் குரலில் கோபமே கிடையாது. "நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க சரின்னா விடைத்தாள் தப்பு. விடைத்தாள் தப்புன்னா அதை வச்சு பாஸ் ஆனவங்க தப்பு. அவங்களுக்கு நான் போட்ட ஆர்டர் தப்பு. நான் தப்புன்னா என்னை இங்க உட்கார வச்ச வாரியம் தப்பு. ஒரு முள் நகர்ந்ததுக்காக இவ்வளவு பேர் நகர முடியுமா?"

கடிகாரத்தைச் சாட்சிப் பொருள் என்று சாக்கில் போட்டுக் கட்டி உள்ளே எடுத்துப் போனார்கள். வாரிய வளாகத்தில் அங்கீகாரம் இல்லாத நேரத்தைப் புழங்கவிட்ட குற்றத்துக்காக ஏசுபாதத்துக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். ஆட்சேபணை மனு தள்ளுபடி ஆகவில்லை, நிலுவையில் இருந்தது. "ஃபைல் மேடம் டேபிள்லதான் கீது," என்று சிட்டிபாபு வாசல்வரை வந்து தன் அலுவலகத் தமிழை விட்டு இறங்கிப் பேசினார். "இன்னொரு மெமோ வந்துச்சின்னா மூடிடுவாங்க. வாய மூடிகினு இரு. கருணை அடிப்படையில ஒரு மார்க்கு எப்படியாச்சும் வரும்."

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. வாரியத்தின் எல்லாக் கடிகாரங்களும் விடைத்தாளுக்கு இணங்க நடக்க வேண்டும். இனி எந்த நிலையத்திலும் சின்ன முள் தானாக நகரக் கூடாது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து அனகாபுத்தூர் கொட்டகையில் புதிய கடிகாரம் ஒன்றை மாட்டினான். அதன் வயிற்றிலிருந்து ஒரு பல்சக்கரத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். சின்ன முள் தொங்கிவிடாமல் இருக்க ஒரு சொட்டு மெழுகு. கண்ணாடி மூடியின் மேல் அரக்கு முத்திரை. மணிக்கு ஒரு தரம் அதைத் திறந்து சின்ன முள்ளை ஒரு எண் தள்ளிவைக்க 'மணிமுள் நகர்த்துநர்' என்று ஒரு பதவி உண்டாயிற்று. ஐந்து நிலையங்களுக்கும் சேர்த்து ஒரே நகர்த்துநர், ஒரே ஸ்கூட்டி. அவர் வண்டலூரில் முள்ளைத் தள்ளிவிட்டுப் பள்ளிக்கரணை போய், அங்கிருந்து அனகாபுத்தூர் வருவதற்குள் மணி ஒன்று ஓடியிருக்கும். ஒரே வாரியத்தில் வண்டலூரில் பதினொன்றும் அனகாபுத்தூரில் பத்துமாக இருந்தது. வெயில் அடித்த வரையில் அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

சுற்றறிக்கையின் கடைசிப் பத்தி இன்னொன்றும் சொன்னது. ஷட்டரை உத்தரவிட்ட நேரத்தில்தான் இறக்க வேண்டும், நேரம் என்பது நிலையத்தின் முத்திரையிட்ட கடிகாரம் காட்டுவதுதான். மீறினால் வேலை இல்லை.

"இது இன்னாடா பேஜாரு," என்றான் ஆபேல். "ஆத்துக்கு யாரு சர்குலர் அனுப்புறது?"

"சிரிக்காத. என் பொழப்பு அதுல தொங்கிகினு கீது."

"சரி வுடு மச்சான். மூணு இருபது."

"இருபது," என்றான் ஏசுபாதம், சிரிப்பே இல்லாமல்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் அடித்த மழையில் அந்த நஷ்டம் வந்தது. நகர்த்துநர் இரண்டு பத்துக்கு நனைந்து வந்து, முத்திரையை உடைத்து, சின்ன முள்ளை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளி, புது அரக்கு வைத்தார். "தாம்பரம் சப்வேல தண்ணி நிக்குது. அடுத்த ரவுண்டு வருவனான்னு தெர்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டரைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து சிட்டிபாபு போனில் உத்தரவு சொன்னார். மேலே ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், மூன்றேகாலுக்கு ஷட்டரை இறக்கி மோட்டாரைப் போட வேண்டும்.

மூன்று மணிக்கு நகர்த்துநர் வரவில்லை. பெரிய முள் பன்னிரண்டைத் தாண்டிப் போயிற்று. சின்ன முள் இரண்டிலேயே இருந்தது. ஏசுபாதத்தின் செல்போனில் மூன்றேகால் ஆனபோது சுவரில் இரண்டேகால். அவன் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். மேடமே எடுத்தார்.

"உங்க கடிகாரத்துல இப்ப மணி என்ன?"

"ரெண்டே கால் மேடம். ஆனா..."

"உத்தரவு எத்தனை மணிக்கு?"

"மூணே கால்."

"அப்போ இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே. எதுக்கு டென்ஷன் ஆகறீங்க?"

"செல்லுல மூணே கால் ஆயிட்ச்சி மேடம். ஆத்துத் தண்ணி படிக்கட்டத் தாண்டி ஏறிகினு கீது."

"ஆறு நமக்கு ரிப்போர்ட் பண்ற டிபார்ட்மென்ட் இல்ல, ஏசுபாதம். உங்க ஃபைலை இன்னிக்குத்தான் கையில எடுத்திருக்கேன். ஒரு மார்க் விஷயம். நல்லது நடக்கிற நேரத்துல நீங்களே கெடுத்துக்காதீங்க." போனை வைத்துவிட்டார்.

ஏசுபாதம் வெளியே வந்து ஷட்டர் சக்கரத்தின் மேல் கையை வைத்தான். இரும்பு சில்லென்று இருந்தது. கால்வாயில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் ஆற்றை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது, திரும்பித் தெருப்பக்கம் போக ஆரம்பித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். வாரியத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் அது தெரிந்துதான் அந்தத் தெரு பிழைத்திருந்தது.

கையை எடுத்துவிட்டான். நாற்பத்து நாலு வயது பதினோரு மாதம், ஒரு மெமோ, ஒரு மார்க். நகர்த்துநர் இப்போது வந்துவிடுவார் என்று ஐந்து நிமிஷம் நின்றான். பிறகு இன்னொரு ஐந்து நிமிஷம். உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தான், வெளியே வந்து ஆற்றைப் பார்த்தான், மறுபடி உள்ளே போனான். அரக்கு முத்திரை சிவப்பாக, புதுசாக இருந்தது. தெருவுக்குள்ளிருந்து ஜனங்கள் கூப்பிடுகிற சத்தம் மழைக்கு நடுவே கேட்டது. அவனுக்குப் பயமாக இருந்தது. ஆற்றைவிட அந்த முத்திரைதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது, அதுதான் வெட்கக்கேடு.

செல்போனில் மூன்று ஐம்பது ஆனபோது சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினான். ஷட்டர் இறங்கியது, மோட்டார் ஓடியது. முப்பத்தைந்து நிமிஷம் தாமதம். அதற்குள் தெருவில் மார்பளவு தண்ணீர். நடக்க முடிந்தவர்கள் மாடிவீடுகளில் ஏறிவிட்டிருந்தார்கள். ஆபேலின் அறைக்கதவு உட்பக்கம் திறக்கிற கதவு. தண்ணீர் சாய்த்த தையல் மெஷின் மேஜையும் மிதந்து வந்த துணிமூட்டைகளும் உள்ளிருந்து அதை அடைத்துக்கொண்டன. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைப் பெயர்த்து அவனை எடுத்தார்கள்.

விசாரணைக்கு வாரியம் தாமதிக்கவில்லை. எதிர்மாடியில் இருந்த எல்லம்மா சாட்சி சொன்னாள். "கதவத் தட்டிகினே இருந்தாரு சார். மூணு அம்பதுக்கு அப்புறம் சத்தமே இல்ல. நான் செல்லுல டைம் பாத்தேன்."

ஹேமாவதி மேடம் அதைக் குறித்துக்கொண்டு, "அந்த அம்மாவோட செல்போன் சான்றளிக்கப்படாதது. நிலையக் கடிகாரப்படி அப்போ மணி இரண்டு ஐம்பது," என்றார். எல்லம்மாவை அனுப்பிவிட்டு, ஏசுபாதத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னார். வாரியத்தில் அவனை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நல்லா கவனிங்க. உத்தரவு மூன்றேகாலுக்கு. அவர் இறந்தது இரண்டு ஐம்பதுக்கு. நாங்க ஷட்டரை இறக்க வேண்டிய நேரத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் முன்னாடியே இறந்துட்டார். அவசரப்பட்டவங்களுக்கு வாரியம் பொறுப்பாக முடியாது, இல்லையா? நியாயமாப் பார்த்தா நீங்களும் இருபத்தைந்து நிமிஷம் முன்கூட்டியே ஷட்டரை இறக்கியிருக்கீங்க. விதிமீறல். ஆனா மனிதாபிமான அடிப்படையில அதைத் துரிதசேவைன்னு எடுத்துக்கறோம்."

ஒரு தாளை நகர்த்தினார். நிலையக் கடிகாரம் சரியாக இருந்தது, மூன்றேகால் மணிக்கு முட்களுக்கு இடையே பூஜ்யம் பாகை, என் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது.

"மேடம், கடிகாரம் தப்பு. உங்களுக்கே தெரியும்."

"தப்பா?" மேடம் முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். "அப்படின்னா மூன்றேகால்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே முப்பத்தைந்து நிமிஷம் சும்மா நின்னீங்களா?"

மூன்று ஐம்பதுக்கு நூற்று எழுபத்தைந்து என்றும் இரண்டு ஐம்பதுக்கு நூற்று நாற்பத்தைந்து என்றும் ஏசுபாதத்தின் மனசு அதன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. வித்தியாசம் முப்பது பாகை. கடிகாரத்தில் பார்த்தால் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள தூரம்தான், கட்டை விரலால் மறைத்துவிடலாம். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

மார்க் அறுபதானது. நியமன ஆணையைச் சிட்டிபாபுவே கையில் கொடுத்துக் கை குலுக்கினார். அந்தக் கொட்டகையில் முள் நகர்த்தும் வேலை கூடுதல் பொறுப்பாக அவனுக்கே வந்தது. சாட்சிப் பொருளைச் சாக்கோடு திருப்பிக் கொடுத்தார்கள். பேட்டரி மட்டும் இல்லை. ஏசுபாதம் சாக்கை அவிழ்க்காமல் கொட்டகை மூலையில் வைத்தான். ஆணையைப் படித்துப் பார்த்த சரசு அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு பகலில் ஜான்சி கொட்டகைக்கு வந்தாள். கையில் இறப்புச் சான்றிதழ் இருந்தது. உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

"இதுல ரெண்டு அம்பதுன்னு போட்டுக்குதுண்ணா. ஆபீஸ்ல கேட்டா, நீதான் கையெழுத்து போட்டன்னு சொல்றாங்க. நெஜமா?"

"ஆமா ஜான்சி," என்றான். "வாரியக் கடிகாரப்படி ரெண்டு அம்பது."

ஜான்சி தன் செல்போனை எடுத்தாள். எதையோ தேடி எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். திரையில் ஆபேல் என்ற பெயர், அந்தத் தேதி, மூன்று இருபது, நாலு நிமிஷம்.

"எனக்கு போன் பண்ணாருண்ணா. ரோட்டுல தண்ணி ஏறுதும்மா, நீ கம்பெனிலயே இரு, வராத, கொட்டாயில ஏசுபாதம் கீறான், அவன் பாத்துக்குவான்னு சொன்னாரு. நாலு நிமிசம் பேசினாரு. சிரிச்சிகினு கூட பேசினாரு." அவள் அழவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவள் போலத்தான் நின்றாள். "ரெண்டு அம்பதுக்கே அவரு பூட்டார்னா, மூணு இருபதுக்கு என்கூட பேசினது யாருண்ணா?"

சுவரில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. ஏசுபாதம் முக்காலியில் ஏறி, முத்திரையை உடைத்து, சின்ன முள்ளை இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினான். புது அரக்கை உருக்கி வைத்து, அது காயும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். கீழே ஜான்சி போகாமல் இருந்தாள்.